வாத்துக்குப் பட்டி வேறு, நரிக்கு வேலி வேறு

இரவு பூட்டிய கூடு காலையிலும் பூட்டியபடியே இருக்கிறது. வலை எங்கும் கிழியவில்லை. அடியில் மண் தோண்டிய தடம் இல்லை. உள்ளே பத்து வாத்துகளில் எட்டு வழக்கம்போல் கத்திக்கொண்டு நடமாடுகின்றன. மிச்சம் இரண்டும் வலையோரம் கிடக்கின்றன, உடம்பு முழுசாக, தலை மட்டும் இல்லாமல். வந்தது எதுவோ, பூட்டைத் திறக்காமல் உள்ளே நுழைந்து, தலையை மட்டும் தின்றுவிட்டு, கறி நிறைந்த உடம்பை ஏன் விட்டுவிட்டுப் போனது?

வாத்து வளர்ப்பவர்களில் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சிலர் பேய் என்பார்கள், சிலர் பாம்பு என்பார்கள். இரண்டும் தவறு. விடை வலையின் கண்ணளவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வாத்து எப்படித் தூங்குகிறது, நரி எப்படித் தோண்டுகிறது, கம்பி எப்படி நெய்யப்படுகிறது என்று மூன்று பக்கமும் போய்வர வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கண்ணமங்கலம் பொருத்தமான ஊர். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி நெல் வயலும் ஏரியும் உண்டு. ஒரு பக்கம் சவ்வாது மலையும் அமிர்திக் காடும். வயல் இருக்கும் இடத்தில் வாத்துக்குத் தீனி கிடைக்கும். புதரும் மலையடிவாரமும் இருக்கும் இடத்தில் நரி, காட்டுப்பூனை, மரநாய், கீரி ஆகியவற்றுக்கு மறைவிடம் கிடைக்கும். கொல்லையில் வாத்துக்கூடு வைப்பவர் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் ஒரு கம்பிவலையை நிறுத்துகிறார்.

ஆளோடு சேர்ந்த வேலி

வட தமிழகத்தில் வாத்து என்றாலே மேய்ச்சல் வாத்துதான். சன்னியாசி, கீரி என்று நிறத்தை வைத்துப் பெயரிட்ட நாட்டு வாத்துகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் அவர்கள் செய்யும் பட்டி மிக எளியது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் மூங்கில் தட்டியோ நைலான் வலையோ வட்டமாக நிற்கும், அவ்வளவுதான். நாட்டு வாத்தால் உயரப் பறக்க முடியாது; இரண்டடி உயரம் அதற்குப் போதும்.

நரிக்கு அந்தப் பட்டி ஒரு பொருட்டே இல்லை. இருந்தும் பட்டி காக்கிறது. காரணம், பக்கத்திலேயே ஆள் படுத்திருக்கிறார், நாய் படுத்திருக்கிறது, நெருப்போ டார்ச் விளக்கோ இருக்கிறது. அங்கே வலையின் வேலை வாத்தை உள்ளே வைப்பது மட்டும். வெளியே இருப்பதைத் தடுப்பது ஆளின் வேலை.

கொல்லையில் வாத்து வளர்ப்பவர் பட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறார், ஆளை எடுத்துக்கொள்வதில்லை. பகலெல்லாம் வேலை செய்தவர் இரவு வீட்டுக்குள் தூங்கத்தான் செய்வார். வேலி தனியாக நிற்கிறது. ஆளும் நாயும் செய்த வேலையை இனி அந்த வேலியின் வடிவமே செய்தாக வேண்டும். இரைகொல்லிகள் புகாத வேலி என்று சொல்வதன் முழுப் பொருள் இதுதான்.

ஒரு கண் திறந்த தூக்கம்

கோழி இருட்டியதும் மரத்திலோ பரணிலோ ஏறிக்கொள்ளும். வாத்து ஏறாது, தரையிலேயே படுக்கும். எனவே கோழிக்கூட்டில் பாதி ஆபத்தைக் குறைக்கும் உயரம் வாத்துக்கு உதவாது. வாத்துக்கூட்டின் போர்க்களம் கீழ் இரண்டடி.

ஆனால் வாத்து ஏமாளி அல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் ராட்டன்போர்க்கும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1999இல் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையான மல்லார்டு இனக் காட்டுவாத்துகளை வரிசையாகத் தூங்கவைத்து, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். நடுவில் இருந்தவை இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை பல நேரம் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தன, அதுவும் கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்த்த கண்ணை. அந்தக் கண்ணோடு தொடர்புள்ள பாதி மூளை விழித்திருந்தது, மறுபாதி தூங்கியது. இந்த அரைமூளைத் தூக்கம் நடுவில் இருந்த வாத்தைவிட ஓரத்து வாத்திடம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது.

காவல் இருக்கும் இந்த வாத்துக்கு ஆபத்து தெரிந்ததும் செய்ய ஒரே ஒரு காரியம்தான் உண்டு. தண்ணீருக்குள் ஓடிவிட வேண்டும். கூட்டை அடைத்ததும் அந்த வழியை நாம் மூடிவிடுகிறோம். கண் திறந்திருந்தும் பயனில்லை.

மூடிய கூட்டில் இரைகொல்லியும் மாறிவிடுகிறது. பத்தைக் கொன்று ஒன்றைத் தின்னும் விலங்கைப் பார்த்து, ரத்தவெறி பிடித்தது என்று ஊரில் சொல்வார்கள். விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972இல் இதை ஆராய்ந்து எழுதினார். இதை மிகைக்கொலை என்று சொல்லலாம். இங்கிலாந்தின் கடற்கரையில் தரையில் கூடுகட்டும் கடற்காக்கைகளைச் செந்நரிகள் கொன்று தின்னாமல் விட்டுச் சென்றதை அவர் பார்த்தார். அப்படி நடந்ததெல்லாம் கும்மிருட்டான இரவுகளில். அந்த இருட்டில் பறவைகள் பறந்து தப்பவில்லை.

குரூக் தந்த விளக்கம் இது. தேடுவது, பிடிப்பது, கொல்வது, தின்பது ஆகிய நான்கும் தனித்தனி நடத்தைகள். வயிறு நிறைந்தால் தின்பது நிற்கும், தேடுவதும் குறையும். ஆனால் கண்ணெதிரே படபடக்கும் இரையைப் பிடிக்கும் தூண்டல் அதனால் அணைவதில்லை. காட்டில் அதை அணைப்பது மற்ற இரைகள் ஓடிப்போவதுதான். கூட்டில் யாரும் ஓடிப்போக முடியாது. இதில் விலங்கின் கொடூரம் எதுவுமில்லை, நாம் கட்டிய நாலு சுவர்தான் இருக்கிறது. அதனால்தான் அரைகுறை வேலி வேலியில்லாததைவிட மோசம். வாத்து ஓடும் வழியை அடைத்துவிட்டு, நரி வரும் வழியைத் திறந்து வைக்கிறது அது.

தறியில் பிறந்த வலை

ஹார்டுவேர் கடையில் போய் வாத்துக்கூட்டுக்கு வலை கேட்டால், பெரும்பாலும் அறுகோணக் கண் கொண்ட கோழிவலையைச் சுருளாக எடுத்துத் தருவார்கள். அதன் கதை நெசவு ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1844இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பார்னார்டு என்ற இரும்புப் பொருள் வணிகர் அந்த வலையைப் பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். நார்விச் கம்பளித் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். அவருடைய இயந்திரமும் துணித் தறியின் அமைப்பை ஒட்டியே எழுந்தது.

தறியை வைத்தே இந்த வலையின் பலவீனத்தையும் புரிந்துகொள்ளலாம். பட்டுத் துணியில் பாவு இழை நீளவாக்கில் ஓடும், ஊடை இழை குறுக்கே ஓடும். ஒரு பாவு அறுந்தால் அதைக் குறுக்கே கடக்கும் நூற்றுக்கணக்கான ஊடை இழைகள் பக்கத்துப் பாவுகளைப் பிடித்து நிறுத்துகின்றன. சேதம் ஓர் இழையோடு நிற்கிறது. கோழிவலையில் குறுக்கிழையே கிடையாது. எல்லாக் கம்பியும் ஒரே திசையில் வளைந்து வளைந்து ஓடி, பக்கத்துக் கம்பியோடு இரண்டு மூன்று சுற்று முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவே. ஊடை இல்லாத பாவு அது. நாய் ஒரு கண்ணில் பல்லை மாட்டி இழுத்தால் முறுக்கு தளரும். ஓரிடம் அறுந்தால் இழுவிசை அடுத்த முறுக்குக்குப் போகும், அதுவும் தளரலாம். ஓட்டை பெரிதாகலாம்.

வெல்டு மெஷ் எனப்படும் பற்றவைத்த வலையில் பாவும் உண்டு, ஊடையும் உண்டு. அவை சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் பற்றவைத்து இறுகியிருக்கிறது. ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் ஓட்டை பக்கத்துக் கண்ணைத் தாண்டாது.

அடுத்தது கம்பியின் தடிமன். கடையில் இதை கேஜ் என்று சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலிவதால் வாங்குபவர் குழம்பிப்போகிறார். பழைய கம்பி இழுப்புப் பட்டறைகளில் பிறந்த கணக்கு இது. தடித்த கம்பியை மேலும் மேலும் சிறிய துளைகளின் வழியே இழுத்து மெல்லியதாக்குவார்கள். அதிக முறை இழுத்த கம்பிக்கு அதிக எண். பிரிட்டிஷ் அளவையில் 22 கேஜ் கம்பி சுமார் 0.71 மில்லிமீட்டர், 16 கேஜ் கம்பி சுமார் 1.63 மில்லிமீட்டர். பார்த்தால் இரண்டு மடங்கு சொச்சம்தான். ஆனால் இழுத்து அறுக்கத் தேவைப்படும் விசை கம்பியின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தைவிட வேகமாக ஏறும். அந்தக் கணக்கில் 16 கேஜ் கம்பி ஐந்து மடங்குக்கு மேல் வலுவானது. வளைப்பதில் வித்தியாசம் இன்னும் பெரியது, ஏறத்தாழ 28 மடங்கு. மூக்கை நுழைத்து வலையை விலக்கப் பார்க்கும் நாய்க்கும் நரிக்கும் எதிராக நமக்கு வேண்டியது இந்த வளையாத தன்மைதான்.

மண்டையோடுதான் அளவுகோல்

இனி வலையின் கண்ணளவு. ஒரு விலங்கு எவ்வளவு சின்னத் துளையில் நுழையும் என்பதை அதன் வயிற்றையோ தோளையோ வைத்து மதிப்பிடக் கூடாது. மனிதருக்குத் தோளை விரித்து நிறுத்தும் காறையெலும்பு உண்டு. பூனை, நாய், கீரி வகை விலங்குகளில் அது மிகச் சிறுத்து தசைக்குள் மிதக்கும் துண்டாகவோ இல்லாமலோ போய்விட்டது. தோள் ஒடுங்கிக்கொள்ளும், விலா அமுங்கும், மண்டையோடு மட்டும் அமுங்காது. தலை நுழைந்தால் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும்.

இந்தக் கணக்கில் 2 அங்குலக் கண் இளங்கீரிக்கு வாசல். 1 அங்குலக் கண் கீரியையும் காட்டுப்பூனையையும் நிறுத்தும், சிறிய எலியை நிறுத்தாது. வளர்ந்த எலியை நிறுத்த அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் வேண்டும். சுண்டெலிக்கு அதுவும் வழிதான். 6 மில்லிமீட்டர் இடுக்கிலேயே அது புகுந்துவிடும். பாம்பின் விலா எலும்புகள் முன்பக்கம் நெஞ்செலும்பில் சேர்வதில்லை, எனவே உடம்பு நன்றாகவே ஒடுங்கும். ஆனால் வாத்துக்குஞ்சை விழுங்கக்கூடிய அளவு வளர்ந்த சாரைப்பாம்பின் தலை அரை அங்குலக் கண்ணில் நுழையாது. நுழையும் அளவு சின்னப் பாம்புக்கு வாத்துக்குஞ்சை விழுங்க முடியாது. பெரிய கண்ணில் நுழைந்து முட்டையை விழுங்கிய பாம்பு, வயிறு புடைத்ததால் வெளியேற முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்வதும் உண்டு.

தலையில்லாத வாத்தின் புதிர் இங்கே அவிழ்கிறது. எந்த விலங்கும் உள்ளே வரவில்லை. 2 அங்குலக் கண்ணில் வாத்தின் தலையும் கழுத்தும் தாராளமாக வெளியே நீளும். ஓரத்தில் படுத்த வாத்து சத்தம் கேட்டுத் தலையை நீட்டியிருக்கலாம், அல்லது வலையோரம் இருந்த தலையைக் காட்டுப்பூனையோ மரநாயோ காலை விட்டு இழுத்திருக்கலாம். தலை வந்தது, உடம்பு வலையில் தடைப்பட்டது. இரைகொல்லி விட்டுவிட்டுப் போன கறி அது எடுக்க முடியாத கறி. இறகும் ரத்தமும் வலைக்கு வெளிப்பக்கம் அதிகமாகச் சிதறியிருந்தால் அதுவே சாட்சி.

எனவே ஒரே கண்ணளவில் முழுக் கூட்டையும் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தரையிலிருந்து இரண்டடி வரை அரை அங்குல வலை அல்லது செங்கல் சுவர், அதற்கு மேல் 1 அங்குல வலை. வாத்து படுக்கும் உயரத்தில் எந்தக் காலும் உள்ளே நீளக் கூடாது, எந்தத் தலையும் வெளியே நீளக் கூடாது.

தோண்டுபவர் பின்வாங்கமாட்டார்

நரியும் நாயும் வலையில் மோதினால் என்ன செய்யும்? மூக்கு எந்த இடத்தில் வலையைத் தொட்டதோ அந்த இடத்திலேயே, வலையின் அடியை ஒட்டியே தோண்டத் தொடங்கும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டலாம் என்ற யோசனை அவற்றுக்கு எளிதில் வருவதில்லை.

இந்தப் பழக்கத்தையே தடையாக மாற்றலாம். வலையை நேராக மண்ணுக்குள் இறக்குவதற்குப் பதிலாக, அடியில் வெளிப்பக்கமாக மடித்து இரண்டடி அகலத்துக்குத் தரையில் படுக்கவைக்க வேண்டும். இதைத் தரைமடிப்பு என்று சொல்லலாம். மேலே கொஞ்சம் மண்ணோ கல்லோ போட்டால் போதும், ஒரு பருவத்தில் புல் வேர்விட்டு அதைத் தைத்துவிடும். வேலியடியில் தோண்டும் விலங்கின் நகம் உடனே கம்பியில் மாட்டும். தான் நிற்பதே அந்தக் கம்பியின்மேல் என்பது அதற்குத் தெரியாது. மலையடிவாரத்துக் கல் நிலத்தில் பள்ளம் வெட்டும் கூலியும் இதில் மிச்சம்.

இது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியாவில் அரிதாகிவிட்ட சிறு விலங்குகளைக் காக்க, 1997இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ராக்ஸ்பி டவுன்ஸ் அருகே ஆரிட் ரிகவரி என்ற காப்பிடம் தொடங்கியது. அங்கே காத்தரின் மோஸ்பி, ஜான் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் பலவகை வேலிகளைக் கட்டி, பூனையும் நரியும் எதைத் தாண்டுகின்றன, எங்கே தோற்கின்றன என்று சோதித்தார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் சிறப்பாகத் தேறிய வேலிக்கு மூன்று உறுப்புகள் இருந்தன: 180 சென்டிமீட்டர் உயரம், அடியில் தரைமடிப்பு, உச்சியில் வெளிப்பக்கம் வளைந்து தொங்கும் 60 சென்டிமீட்டர் வலை.

அந்த மூன்றாவது உறுப்பு வியப்பானது. உச்சி வலையை விறைப்பாகக் கட்டுவதுதான் நல்லது என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஏறும் விலங்குக்குக் கால் ஊன்ற அசையாத பிடி வேண்டும். தொங்கும் வலை பூனையின் எடையில் ஆடும், வளையும், அதைத் தலைகீழாகத் தொங்கவிடும். தளர்வாக விட்ட அந்த விளிம்பு எதிர்ப்பதற்குப் பதிலாக விட்டுக்கொடுத்தே வெல்கிறது.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இன்று சீலாண்டியா எனப்படும் பறவைக் காப்பகத்தைச் சுற்றி 1999இல் 8.6 கிலோமீட்டர் நீள வேலி எழுந்தது. அதன் வடிவத்தையும் விலங்குகளை வைத்துச் சோதித்த பிறகே முடிவு செய்தார்கள். பூனை, எலி எல்லாம் வெளியே நின்றன. சுண்டெலி மட்டும் மறுபடி உள்ளே குடியேறிவிட்டது. அத்தனை பணம் கொட்டிய வேலியிலும் மிகச் சிறியதே வென்றது. ஆகவே யாரை நிறுத்தப்போகிறோம், யாரை விட்டுவிடப்போகிறோம் என்று முதலிலேயே முடிவெடுப்பது நல்லது. சுண்டெலி தீனியைத் திருடும், வாத்தைக் கொல்லாது.

பெருச்சாளி வேறு ரகம். அது வேலியடியில் தோண்டுவதில்லை, தன் வளையிலிருந்தே நீளச் சுரங்கம் வெட்டும். தரைமடிப்பு அதை ஏமாற்றாது. முட்டைக்கும் குஞ்சுக்கும் அதனால் ஆபத்து. எனவே இரவுக்கூட்டின் தரையிலும் வலை விரிக்க வேண்டும், அல்லது கல்பலகை பாவ வேண்டும். வலை விரித்தால் மேலே நாலு விரற்கடை மண்ணும் வைக்கோலும் அவசியம். வாத்தின் பாதம் மென்மையானது, கம்பி கீறினால் சீழ் வைக்கும்.

கொல்லை முழுதுமா, கூடு மட்டுமா

இப்போது செலவுக் கணக்கு. 40 அடிக்கு 30 அடி கொல்லையைச் சுற்றி ஆறடி வலை, இரண்டடி தரைமடிப்பு, பருந்தும் மரநாயும் வராமல் மேலே கூரைவலை என்று முழுதாக அடைத்தால் 2,336 சதுர அடி வலை வேண்டும். பத்து வாத்துக்கு, ஒன்றுக்கு நான்கு சதுர அடி வீதம், 8 அடிக்கு 5 அடி இரவுக்கூடு போதும். நாலடிச் சுவர், கூரை, தரைமடிப்பு எல்லாம் சேர்த்து 212 சதுர அடி. பதினொன்றில் ஒரு பங்கு. தரைவலை போட்டாலும் கூடுதலாக 40 சதுர அடிதான்.

சின்னக் கூடு போதுமானதற்குக் காரணம் நேரம். நரி, மரநாய், காட்டுப்பூனை ஆகியவை பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை நடமாடுபவை. வாத்துகள் பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். அந்தியில் அடைத்துக் காலை 9 மணிக்குத் திறந்தால் கொலையும் தவிரும், முட்டையும் புதரில் போகாமல் கூட்டிலேயே கிடைக்கும். பகலில் மிஞ்சும் எதிரிகள் தெருநாய், பகலாடியான கீரி, குஞ்சைக் குறிவைக்கும் பருந்தும் காக்கையும். பகலில் வீட்டில் ஆள் இருப்பார்கள். குஞ்சுகளை மட்டும் வலைக்கூரையின்கீழ் வைத்தால் போதும்.

கூட்டைக் கட்டும்போது பலர் தவறவிடுவது விசையின் திசை. வலையை மரத்தூணின் உட்பக்கம் அடித்தால், வெளியிலிருந்து தள்ளும் நாயின் முழு விசையும் ஆணியைப் பிடுங்கும் திசையில் போகும். அதே வலையை வெளிப்பக்கம் அடித்தால், நாய் தள்ளத் தள்ள வலை தூணோடு அழுந்தும். கதவுக்கும் இதே விதி. வெளியே திறக்கும் கதவைத் தள்ளினால் அது சட்டத்தில் இறுகும், உள்ளே திறக்கும் கதவைத் தள்ளினால் தாழ்ப்பாள்தான் முழு பாரத்தையும் தாங்க வேண்டும். கதவடியில் விடும் இடைவெளி வலைக்கண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அத்தனை வலையும் வீண். குரங்கு வரும் ஊரில் வெறும் கொக்கி போதாது, பூட்டும் வேண்டும்.

துருவும் மின்சாரமும்

இரும்புக் கம்பியைக் காப்பது அதன்மேல் பூசிய துத்தநாகம். ஈரம் பட்டால் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை அரிக்கவிட்டுக்கொள்ளும். அது தீரும்வரை இரும்பு பிழைக்கும். வாத்துக்கூடு எப்போதும் ஈரம், எச்சத்தின் அம்மோனியாவும் சேரும், எனவே பூச்சு சீக்கிரம் தீர்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கேட்க வேண்டும்: பற்றவைத்த பிறகு பூச்சு போட்டதா, பூச்சு போட்ட கம்பியைப் பற்றவைத்ததா? இரண்டாவது வகையில் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியிலும் சூடு பூச்சை எரித்திருக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். கட்டி முடித்ததும் சிந்திய கம்பித் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்குவதும் முக்கியம். பளபளப்பைக் கண்டால் வாத்து கொத்தி விழுங்கும். இரைப்பையில் கரையும் துத்தநாகம் அதற்கு நஞ்சு.

மின்வேலி போடலாமா என்று கேட்பவர்கள் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக நினைக்கிறார்கள். சூரிய மின்வேலிக் கருவி ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில், விநாடிக்கு ஒரு துடிப்பு வீதம், மிகக் குறுகிய நேரத்துக்கு மின்சாரம் விடுகிறது. தொட்ட விலங்கு அதிர்ந்து விலக இடைவெளி கிடைக்கிறது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இணைத்தால் அந்த இடைவெளி கிடையாது. தசை இறுகி, தொட்டது விடமுடியாமல் சாகும், அது யானையானாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையானாலும். அது குற்றம். முறையான மின்வேலிக்கும் காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் முன் அனுமதியும் பதிவும் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் விதி வகுத்தது. மேலும் அந்த மின்சாரம் விலங்கின் உடம்பு வழியே மண்ணுக்குள் இறங்கினால்தான் அதிர்ச்சி. சித்திரை வெயிலில் காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சின்னக் கூட்டுக்கு நல்ல கம்பிவலையே நம்பகமானது.

சாம்பல் சொல்லும் சாட்சி

வேலியைத் திருத்துவதற்கு முன் வந்தவர் யார் என்று தெரிய வேண்டும். கானுயிர் ஆய்வாளர்கள் மெல்லிய மணலைப் பரப்பித் தடம் பார்ப்பார்கள். அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவினாலும் அதே பலன். நான்கு விரலும் நகத்தின் புள்ளியும் பதிந்தால் நாய் அல்லது நரி. நான்கு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை இனம். ஐந்து விரல் தெரிந்தால் கீரி, மரநாய், புனுகுப்பூனை ஆகியவற்றில் ஒன்று. தடமே இல்லாமல் குஞ்சு மட்டும் காணாமல் போனால் மேலே பார்க்க வேண்டும்.

குற்றவாளி தெரிந்ததும் கண்ணியோ விஷமோ வைக்கக் கை துடிக்கும். நரி, கீரி, காட்டுப்பூனை எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. சட்டத்தை விடுங்கள், கணக்கே ஒத்துவராது. ஒரு நரியைக் கொன்றால் காலியான அந்த இடத்துக்கு இன்னொன்று வரும், ஓட்டையோ அப்படியே இருக்கும். கொல்லப்பட்ட நரியும் கீரியும் நெல்வயலில் தின்றுவந்த எலிகள்தான் பெருகும். ஓட்டையை அடைத்தால் இப்போதிருக்கும் நரி, அடுத்து வரும் நரி, அதற்கடுத்தது என எல்லாவற்றுக்கும் ஒரே செலவு.

கையில் பணம் குறைவாக இருந்தால் செலவழிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் கதவும் தாழ்ப்பாளும், அவற்றில்தான் பல கூடுகள் தோற்கின்றன. அடுத்து கீழ் இரண்டடிக்கு அரை அங்குல வெல்டு மெஷ். அதற்கடுத்து தரைமடிப்பு. பிறகு கூரை. கொல்லை முழுதுக்கும் வேலி என்பது கடைசி, அது இல்லாமலும் சமாளிக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை குனிந்து, அடிவலையைக் கையால் அழுத்திப் பார்த்து, துருவேறிய இடத்தில் புதுத் துண்டு வைத்துத் தைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் வேலி நிற்கும். மேய்ச்சல்காரர் பட்டியருகே தூங்குவதை விடமாட்டார். கொல்லைக்காரர் வீட்டுக்குள் தூங்க வேண்டுமென்றால், அதற்கான விலை இந்த 212 சதுர அடிதான்.